நீர்க் கணக்கு

பதினேழாம் கட்டில், காலை ஆறு மணி.
உள்ளே எண்ணூறு, வெளியே அறுநூற்றைம்பது.
சிவப்பு மையால் கூட்டிக் கோடு போட்டேன்.
ஐயாவின் சிறுநீரகம் கொஞ்சம் இரங்கியிருக்கிறது.
பையைத் தூக்கும்போதே கை அறிந்துவிட்டது,
எழுதிய பிறகுதான் நம்பினேன்.

எனக்கென்று யாரும் தாள் கொளுவவில்லை.
நேற்றுப் பின்னேரம் அரைக் கோப்பை பிளேன்ரீ.
பதினொரு மணிக்கு,
கொடிகாமத்து விபத்துக் கேஸ் வரமுதல்,
போத்தல் மூடியளவு தண்ணீர்.
வெளியே: ஒன்றுமில்லை.
போக எழும்பிய ஒவ்வொரு முறையும்
ஏதோ ஒரு கட்டில்
"மிஸ்ஸி" என்றது.

நாற்பத்தொரு பேருக்கு நாங்கள் இரண்டு பேர்.
மூன்றாமவள் தர்மினி
மாசியில் லீட்ஸ் போய்விட்டாள்.
அங்கே ஆறு பேருக்கு ஒருத்தியாம்,
தேத்தண்ணி குடிக்கவென்று தனி அறையாம்.
குரல் செய்தியில் இதைச் சொல்லிவிட்டு
ஏனோ அழுதாள்.
அதைக் கேட்டு முடிக்க எனக்கு மூன்று நாள் எடுத்தது.

விடியப்புறம் ஒன்பதாம் கட்டிலின் கீழே
பாயில்லாமல் படுத்திருந்த மனுசியைத் தட்டி
"நீங்களும் விழுந்தா ஆர் பாக்கிறது?
போய்ச் சாப்பிட்டிட்டு வாங்கோ" என்றேன்.
என் குரல் அவ்வளவு அதிகாரமாய் இருந்தது.
அவ எழும்பி நின்று
என் உதட்டைப் பார்த்தா.
வெடித்திருந்தது.

ஏழரைக்குப் பொறுப்புக் கொடுத்துவிட்டு
ஸ்கூட்டியைப் பண்ணைப் பாலத்தில் விட்டேன்.
களங்கண்டித் தடிகளில் நீர்க்காகங்கள்
செட்டை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன.
ஒன்றுக்கும் அவசரமில்லை.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது.
எமல்டா சிஸ்டர்.
"பிள்ளை, பின்னேரத்துக்கு ஆளில்லை.
ஓ.ரி. போட்டுத் தாறன்."
போன கிழமையும் இதே பாலம், இதே குரல்,
ஓம் சிஸ்டர் என்று திரும்பிப் போனேன்.
அதற்கு முதல் கிழமையும்.
"ஓ" வரைக்கும் இன்றைக்கும் வந்தது.
காற்று அதை வேலணைப் பக்கம் கொண்டுபோக,
"ஏலாது சிஸ்டர். நான் நித்திரை கொள்ளவேணும்."
அவர் கோபிக்கவில்லை.
"சரி பிள்ளை" என்றார்.
அந்தச் சரியில் அவருடைய களைப்பும் கிடந்தது.
எனக்குப் பதிலாய் இனி
அவர்தான் நிற்பார், அறுபதை எட்டும் வயதில்.
பதினேழாம் கட்டிலின் பையை
மறக்காமல் வெறுமையாக்குவாரா?

ஸ்கூட்டியை ஓரங்கட்டினேன்.
இரவு முழுக்கத் திறக்காத போத்தலை
நின்ற நிலையில் குடித்து முடித்தேன்.
சூடாய், பிளாஸ்டிக் மணக்க.
பழக்கதோசத்தில் பேனையை எடுத்து
உள்ளங்கையில் எழுதினேன்: 500.

வீட்டுப் படலையில் ஆரணி,
பள்ளிக்கூடச் சப்பாத்தின் ஒரு காலோடு.
அவளைத் தாண்டி முதலில்
ஓடவேண்டிய இடத்துக்கு ஓடினேன்.
அளக்கவில்லை.

திரும்பி வர, என் கையைப் பிடித்து விரித்தாள்.
"ஐந்நூறு புள்ளியோ அம்மா?
எத்தினைக்கு?"

"தெரியேல்லையடி.
இன்னும் கூட்டேல்லை."