தோளில்லாத போத்தல்

கழுவாமல் திருப்பித் தாங்கோ என்று
துண்டு எழுதி ஒட்டினோம்.
நாற்பத்திரண்டு வெறும் போத்தல்
கொக்குவில் பட்டறைக்கு வந்து சேர்ந்தன,
பின்னாலேயே எறும்பும்.

கறுத்தக்கொழும்பான் ஜாம்.
முந்நூற்றைம்பது கிராம் என்கிறது லேபிள்.
அதில் எவ்வளவு வயிற்றுக்குப் போனது?
அதை அளக்கத்தான் எனக்குச் சம்பளம்.

கஸ்தூரியார் வீதி நகைக்கடையில்
ஒரு கிழமைக்கு இரவல் வாங்கிய தராசு,
மஞ்சாடிக்கும் குன்றிமணிக்கும் பழகினது.
அதில் ஊராரின் எச்சில் ஜாமை நிறுக்கிறேன் என்று
கடைக்காரர் இன்னும் அறியார்.

சராசரி இருபத்தொன்பது கிராம்.
பன்னிரண்டு போத்தலுக்கு ஒரு போத்தல்
எல்லாரும் காசு கொடுத்து
ஒருவரும் தின்னாதது.

இதில் ஒரு சின்ன விரல் இறங்கி
மொளியில் சிக்கித் திரும்பியிருக்கிறது.
இதில் கத்திக் கீறல்கள்,
பஸ்ஸுக்குப் பிந்திய யாரோ.
இதன் அடியில் பூஞ்சணம்; ஆள்
பாதியில் எழும்பிப் போயிருக்க வேணும்,
பிரான்சுக்கோ, ஆஸ்பத்திரிக்கோ.

மண்டைதீவில் இருந்து வந்த ஒன்றுக்கு மட்டும்
தராசு அசையவில்லை.
திருமதி றெஜீனா யேசுரத்தினம்
எங்கள் துண்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்தா:
"கடைசியில் சுடுதேத்தண்ணி ஊற்றிக்
குலுக்கிக் குடித்துவிட்டோம்.
உள்ளதுக்குள் அதுதான் திறம்."

எல்லாப் பழியும் தோளுக்கு.
கழுத்துக்குக் கீழே போத்தல் விரிகிற அந்த வளைவு.
கரண்டிக்கு முழங்கை இல்லை,
அங்கே திரும்பத் தெரியாது.
அடியிலோ நடுவில் மேடு, சுற்றிவர அகழி,
யாழ்ப்பாணக் கோட்டை மாதிரி.
உள்ளே போனது வெளியே வராது.

வரைந்தேன். அழித்தேன். வரைந்தேன்.
தோளை வெட்டினேன்.
வாயும் வயிறும் ஒரே அகலம்.
அகழியைத் தூர்த்து
அடியைக் கிண்ணம்போல் குழித்தேன்.
தலைகீழாய் வைத்தாலும் நிற்கட்டும் என்று
மூடியைத் தட்டையாக்கினேன்.

முதலாளி சுகிர்தராஜா
மாதிரிப் போத்தலை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.
"வடிவு. வழிச்சுத் துடைச்சுத் தின்னட்டும்.
அப்ப அடுத்த போத்தல் வாங்க
ரெண்டு மூண்டு நாள் பிந்துமே, பிள்ளை?"
நான் கதைக்கவில்லை.
அவரே யோசித்தார்.
"சரி, இருபத்தைஞ்சு கிராம் குறைச்சு நிரப்புவம்,
விலை அப்பிடியே இருக்கட்டும்.
சனம் தின்னுறது அதேதானே."
கணக்குப் பிழையில்லை.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றிரவு கரண்ட் போனது.

மண்ணெண்ணெயைத் துளியாய் எண்ணின வருசங்களில்
எங்களுக்கு வெளிச்சம் என்பது
ஒரு ஜாம் போத்தல்,
அடியில் எண்ணெய் குடித்த பஞ்சு,
சைக்கிள் வால்வுக் குழாயில் ஒரு நூல் திரி.
அட்சரகணிதம் முழுக்க அதில்தான் செய்தேன்.
விடைகள் கரிப்புகை மணந்தன.
ஜாமை யார் தின்றார்கள் என்று ஞாபகமில்லை,
ஜாமே அப்போது இருந்ததா என்றும்.

மாதிரிப் போத்தலை எடுத்தேன்.
பஞ்சு வைத்தேன், கொளுத்தினேன்.
யன்னலால் வந்த கச்சான்காற்று
நேரே உள்ளே இறங்கி
ஒரே மூச்சில் அணைத்தது.

பழையதில் வைத்தேன்.
சுடர் குனிந்தது.
பேந்து நிமிர்ந்து
நின்றது.

தோள் காற்றை மறித்திருக்கிறது.
கரண்டியை மறித்த அதே தோள்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கரண்ட் வந்ததும் ஊதி அணைத்தேன்,
இரண்டு தரம் ஊத வேண்டியிருந்தது.

காலையில் வரைபடத்தில் கையெழுத்திட்டேன்.
தோள் இல்லை.
போத்தல் இனி ஜாமுக்கு மட்டும் போத்தலாய் இருக்கட்டும்.
"மாற்றத்தால் இழப்பவை" என்ற கட்டத்தில்
ஒன்றுமில்லை என்று எழுதி
வெட்டி
காற்றில் நிற்காது என்று எழுதினேன்.

சுகிர்தராஜா இரண்டு தரம் வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
"ஜாம் ஏன் பிள்ளை
காத்தில நிக்க வேணும்?"