சுழி வராத நோட்டு

கடலைவிட ஒரு முழம் உயரம் எங்கள் முதுநகர்.
அதையும் தோண்டி
அடியில் நடக்கச் சொன்னார்கள்.

வரைபடத்தில் நான்கு வாசல்.
திறந்தது மூன்று: ஸ்டேஷன், மீன் ஏலக்கூடம், உப்பு ஆபீஸ் முக்கு.
நான்காவதில் கடப்பாரை
ஒரு செங்கல் வளைவில் மோதியது.
வெள்ளைக்காரன் வெடிமருந்து வைத்த அறை என்றார் ஒருவர்,
சாராயம் வைத்தது என்றார் இன்னொருவர்.
காண்ட்ராக்டர் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு
மண்ணைத் தள்ளி மூடினார்.

திறந்துவைக்க வந்த மந்திரி படி இறங்கவில்லை.
உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர்.

"கணுக்கால்னு எழுதக் கூடாது சார், யார் கணுக்கால்?"
என்பாள் பம்ப் ஆபரேட்டர் தனபாக்கியம்.
பதினெட்டு சென்டிமீட்டர்.
புருஷன் மாசிலாமணி செத்து ஏழாம் வருஷம்
கருணை அடிப்படையில் வந்த வேலை அது.
ஐந்து குதிரைத்திறன் மோட்டார், ஓர் அளவுகோல்,
கோடு போட்ட நோட்டு.

நான் தணிக்கைப் பிரிவு.
மழையே இல்லாத மாசியில் முப்பத்தொன்று எப்படி என்று கேட்டேன்.
"அமாவாசை சார், உப்பனாறு ஏறுது."
நிலவின் பொருட்டான மின்செலவு ஏற்கத்தக்கதல்ல
என்று சிவப்பு மையில் எழுதினேன்.
கோப்பில் இன்னும் இருக்கிறது,
என் கையெழுத்துதான்.

யார் நடந்தார்கள் அதில்?
ஆடுகள். பரீட்சைக்குப் பயந்த இரண்டு பையன்கள்.
எதிரொலிக்காகவே வந்து உட்கார்ந்து
கிளாரினெட் ஊதிப் பழகிய பேண்டு சவரிநாதன்.
தலையில் மீன்கூடையோடு
முப்பத்தாறு படி இறங்கி முப்பத்தாறு படி ஏற
யாருக்கு முழங்கால் இருக்கிறது?
தண்டவாளம் என்றால் எட்டே எட்டு.

ஜெயசீலியும் அப்படித்தான் கடந்தாள்.
காலை எக்ஸ்பிரஸ்.
கூடை மட்டும் கவிழாமல்
அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது.

அன்றைய தேதிக்கு நோட்டில் சுழி.
ராத்திரி முழுக்க மோட்டார் ஓட்டி
சொட்டு இல்லாமல் இறைத்திருந்தாள் தனபாக்கியம்.
குழல்விளக்குகூட எரிந்தது.
அந்தப் பாதைக்கு அப்படியொரு நாள்
அதற்கு முன் வாய்த்ததேயில்லை.
நஷ்டஈட்டு விசாரணையில் அந்தப் பக்கத்தைக் கேட்டார்கள்.
உண்மை நகல் என்று முத்திரை குத்திக் கொடுத்தேன்.
பாதை உலர்ந்திருந்தது. இறந்தவர் பயன்படுத்தவில்லை.
ஆகவே.

ஆகவே என்பதோடு எல்லாம் முடிந்தமாதிரிதான் ஞாபகம்.
அவள் மகனுக்குப் பத்து வயசிருக்கும்,
அந்தச் சுழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு நோட்டில் சுழி வரவில்லை.
சித்திரையில் இருபத்திரண்டு.
கத்திரி வெயிலில் நாற்பது.
ஒருநாள் நானே இறங்கிப் பார்த்தேன்.
புழுதியில் என் செருப்புத் தடம் விழுந்தது.
மேலே வந்து
நாற்பதுக்குப் பக்கத்தில் டிக் அடித்தேன்.

பெருவெள்ளத்தில் அளவுகோலே முங்கியது.
அந்த ஒரு வாரம் மட்டும்
அவள் பொய் எழுத வேண்டியிருக்கவில்லை.
பிறகு சென்னையிலிருந்து வந்த குழு
எட்டு வருஷ நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு
"நிரந்தர நீர்த்தேக்கம், பயனற்றது" என்றது.
மூன்று வாசலுக்கும் சிலாப்.
ஏலக்கூடத்து சிலாப்மேல் நண்டு விற்கிறார்கள்.
தண்டவாளத்துக்கு மேலே நடைமேம்பாலம் வந்தது,
நாற்பத்தெட்டுப் படி.
கூடைக்காரிகள் இன்னும்
எட்டே எட்டில்தான் கடக்கிறார்கள்.

மின் இணைப்பைத் துண்டிக்க யாரும் மனுப் போடவில்லை.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
குறைந்தபட்சக் கட்டணத்துக்கு பில் வருகிறது.
ஆட்சேபம் எழுதாமல் பாஸ் பண்ணுகிறேன்.

தனபாக்கியத்துக்கு இப்போது மேல்நிலைத் தொட்டியில் வேலை.
அமாவாசைக்கு மறுநாள் சம்பளப் பட்டியல் கேட்க வந்தவள்
வாசலில் நின்றே சொன்னாள்,
"முப்பத்தொண்ணு இருக்கும் சார், இன்னிக்கு."
நோட்டு எப்போதோ தீர்ந்துபோனது.
பில்லின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.