மூலைக்கு மூலை

திரையை மூலைக்கு மூலை அளக்கிறார்கள்.
மேசையை அப்படி யாரும் அளப்பதில்லை,
கட்டிலை, கதவை, சவப்பெட்டியைக்கூட.
பதின்மூன்று, பதினான்கு, பதினாறு என்று
அங்குலங்களை அடுக்கிவைத்தான் கடைக்காரப் பையன்.
"பெரியது கண்ணுக்கு நல்லது."
"முதுகுக்கு?" என்றேன்.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தான்.

நான் தானியக் கிடங்குகளின் தணிக்கையாளர்.
வீடு அல்மாத்தியில், கோதுமை கொஸ்தனாயில்,
நடுவே ஒன்றரை நாள் ரயில்.
போன ஆண்டு பதின்மூன்று அங்குலத்தில் கணக்குப் பார்த்தேன்.
முப்பத்தோரு பத்திகள். திரையில் தெரிந்தவை இருபத்தாறு.
நாற்பது டன் கோதுமை
இருபத்தொன்பதாவது பத்தியில் படுத்திருந்தது,
விளிம்புக்கு அந்தப் பக்கம்,
இரண்டு விரல் தூரத்தில்.
யாரும் என் கண்ணில் மண் தூவவில்லை.
நான்தான் வலப்பக்கம் போகவில்லை.

அதனால் இம்முறை வாங்கும் முன்பு
குளிர்பெட்டி வந்த அட்டையில்
மூன்று கணினிகளை வெட்டினேன்.
பெரியதற்கு எடை வேண்டுமே என்று
இரண்டு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை
அதன் முதுகில் ஒட்டினேன்.
நிலையத்தின் மேம்பாலம் ஏறும்போதே
சர்க்கரை தோளில் கசந்தது.

கூபேயில் நான்கு படுக்கை, ஒரு மேசை.
மேசை என்பது மரியாதைக்கு;
ஜன்னல் நீட்டிய நாக்கு அது.
அதில் ஏற்கெனவே குடியேறியவர்கள்:
ஒராஸ் என்பவரின் முலாம்பழம்,
அவர் மனைவி பிட்டுவைத்த ரொட்டி,
பேத்தி ஜான்சயாவின் வண்ணப் பென்சில்கள்,
சாரி-ஷகனில் பயணச்சீட்டில்லாமல் ஏறிய
புகைமீனின் வாசனை.

பதினாறை வைத்தேன்.
முலாம்பழம் எழுந்து ஒராஸின் மடிக்குப் போனது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நூறு கிலோமீட்டர் அதை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.
பதின்மூன்றை வைத்தேன்.
எல்லாருக்கும் இடம் கிடைத்தது,
இருபத்தொன்பதாவது பத்தியைத் தவிர.

நடத்துநர் பாக்கித்குல் தேநீர் கொண்டுவந்தாள்.
வெற்று அட்டையை முறைத்துக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்து
"சார்ஜ் போடணுமா?" என்றாள்.
சர்க்கரை தீர்ந்துவிட்டதாம்.
ஒட்டுநாடாவைக் கிழித்தேன்.
அதன் பிறகு, பொழுது சாயும்வரை,
என் கணினியின் எடையைக்
கரண்டி கரண்டியாகக் குடித்தோம்.
பக்கத்துக் கூபேக்காரர்களும் கோப்பையோடு வந்தார்கள்.
எந்த நிறுவனமும்
இவ்வளவு விரைவில் எடை குறைத்ததில்லை.

இரவு மேல்படுக்கையில்
மூன்றையும் மாறி மாறி மடியில் வைத்துப் பார்த்தேன்.
பெரியது கூரையில் இடித்தது.
சிறியதற்குக் கழுத்து தானாகக் குனிந்தது,
கிடங்கு மேலாளர் எதிரில் போன ஆண்டு குனிந்ததுபோல.
பதினான்கு ஒன்றும் பேசவில்லை.
பேசாததைத்தான் சந்தேகிக்கப் பழகியவள் நான்;
ஆனாலும் அதோடு தூங்கிப்போனேன்.

விடிந்தபோது பதினாறைக் காணவில்லை.
ஜான்சயா அதில் நான்கே நான்கு விசைகள் வரைந்திருந்தாள்,
உள்ளங்கை அளவு ஒவ்வொன்றும்.
திரை முழுக்கப் புல்வெளி, மூலையில் ஒரு குதிரை,
பாதி உடல் வெளியே.
"மீதிக் குதிரை எங்கே?"
"அட்டை முடிந்துவிட்டது," என்றாள்,
எனக்கு இதுகூடத் தெரியாதா என்ற குரலில்.
அவளிடமே விட்டுவிட்டேன்.

கொஸ்தனாயில் மேலாளர் அகலமான மேசை போட்டிருந்தார்.
புதுக் கணினி திரும்பிப் போய்த்தான் வாங்கவேண்டும்;
பழையதை மூடி வைத்து,
அதன்மேல் பதினான்கு அங்குல அட்டையை வைத்தேன்.
"என்ன ரௌஷான், இது?"
"அளவு."
சிரித்தார். அலுவலகமே சிரித்தது.
சுவரில் இருந்த அவர்களுடைய பெரிய திரையில்
கணக்கு விரிந்தது, கோதுமை நிறத்தில்,
இருபத்தாறு பத்திகள்.

"இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்," என்றேன்.

சுட்டியை வைத்திருந்த கை
யாரையோ திரும்பிப் பார்த்தது.