இடது பக்கப் பின்சீட்

பாகாவில் மழை
பள்ளி விடுகிற நேரம் பார்த்துத்தான் வரும்.
என் கெனாரிக்கு வயது பத்தொன்பது.
பின்னால் ஐந்து பிள்ளைகள், முன்னால் ஒன்று.
போலீஸிடம் சொல்ல வேண்டாம்.

முதலில் வாசம் வந்தது,
ஊறப்போட்டு மறந்த கைலி மாதிரி.
அப்புறம் இடது பக்கப் பின்சீட்டில்
உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரம்.
அங்கே உட்காருகிறவன் தர்வின்,
இரண்டாம் வகுப்பு, பேச்சு குறைவு.
"ஆன்ட்டி, இவன் ஒண்ணுக்குப் போயிட்டான்"
என்றாள் கவிநிஷா. ஐந்து வாய் சிரித்தது.
"சொல்லக் கூடாதாடா, நிறுத்தியிருப்பேனே"
என்றேன் நான்,
எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.
அவன் இல்லை என்று சொல்லவில்லை.

வியாழன், வெள்ளி அவன் வரவில்லை.
காய்ச்சல் என்றார் அவன் அம்மா.

ஞாயிறு காலை டெட்டாலோடு
சீட்டைக் கழுவப் போனேன்.
யாரும் உட்காராத சீட்,
சனி ராத்திரி மழைக்குப் பிறகு
புதிதாக நனைந்திருந்தது.
விரலை வைத்து முகர்ந்தேன்.
மூத்திர நெடி இல்லை.
ரேடியேட்டர் தண்ணீரின் தித்திப்பும் இல்லை.
வெறும் மழை, கொஞ்சம் துரு.
டெட்டால் மூடியைத் திறக்காமல்
அப்படியே குந்தியிருந்தேன்.

செம்பனை ஆலையில் இரவு வேலை முடிந்து
படுத்திருந்த வீரசேகரை எழுப்பினேன்.
"தண்ணி அடிக்கணும், எழுந்திருங்க."
"காலங்காத்தாலேயா?" என்றார்.

கதவு ரப்பர் மேல்தான் எனக்குச் சந்தேகம்.
முகத்துக்குப் போடுகிற குட்டிக்கூராவை
ரப்பர் நெடுகத் தூவி, அடைத்து,
உள்ளே நான் டார்ச்சோடு,
வெளியே அவர் குழாயோடு.
கீழிருந்து மேலே, இடத்துக்கு ஐந்து நிமிஷம்.
பவுடர் கலையவில்லை.
பின்விளக்கு, ஒன்றுமில்லை.
கண்ணாடி ஓரம், ஒன்றுமில்லை.
புழுக்கத்தில் என் வேர்வையே சொட்டி
இரண்டு தடவை என்னை ஏமாற்றியது.

குழாய் கூரைக்கு ஏறியதும்
சீட் பெல்ட் வாரில் ஒரு பொட்டு.
இன்னொன்று.
அவசரமே இல்லாமல்,
பழகின பாதையில் போகிற மாதிரி
வார் வழியே இறங்கி வந்து
அவன் இடத்தில் பரவியது.
உள்ளங்கை அகலம்.

"நிறுத்தவா?" கண்ணாடியைத் தட்டினார்.
வேண்டாம் என்று கையாட்டினேன்.
நகர்ந்து அங்கே உட்கார்ந்தேன்,
என் கைலி நனைகிற வரைக்கும்.

கூரைக் கம்பியின் கடைசித் திருகாணி.
அடியில் ரப்பர் வளையம்
விரல் பட்டதும் அப்பளமாய் நொறுங்கியது.
ஆ ஹோக் கடையில் புது வளையம் நாற்பது காசு,
சிலிக்கான் பசை பதினொரு வெள்ளி.
துருவைச் சுரண்டி, துடைத்து, பசை வைத்து முறுக்கி
ஒரு ராத்திரி விட்டு
மறுபடி குழாய் பிடித்தோம்.
பொட்டுக்கூட இல்லை.
தரைக் கம்பளம் மட்டும் இரண்டு நாள்
துணிக்கொடியில் கனத்துத் தொங்கியது.

செவ்வாய் வந்தான்.
ஏறினதும் புத்தகப் பையிலிருந்து
ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து
சீட்டில் விரித்து, நாலு மூலையும் நீவி,
அதன்மேல் உட்கார்ந்தான்.
யார் கொடுத்தனுப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை.
வண்டியை எடுக்காமல் திரும்பினேன்.
"கார்தான் ஒழுகுச்சு. தர்வின் இல்ல.
ஆன்ட்டிதான் தப்பாச் சொல்லிட்டேன்."
கவிநிஷா குனிந்து
கட்டியிருந்த சப்பாத்துக் கயிற்றை
மறுபடி கட்டினாள்.
"கார் ஏன் ஆன்ட்டி ஒழுகுது?" முன்சீட்டுப் பொடியன்.
"வயசாச்சு. ரப்பர் போச்சு."
தர்வின் கூரையைப் பார்த்தான்,
ரொம்ப நேரம்.

அன்று மதியம் ரொம்பின் சாலைத் திருப்பத்தில்
மழை பிடித்துக்கொண்டது.
தகரத்தில் கொட்டுகிற சத்தத்தில்
ஆறு பேரும் பேசாமல் வந்தார்கள்.
இறங்கும்போது, கண்ணாடியில் பார்த்தேன்,
பையை நகர்த்திவிட்டு
சீட்டை ஒரு தரம் தடவினான்.
காய்ந்துதான் இருந்தது.

இருந்தாலும் அந்தப் பையை
நாலாய் மடித்து, எட்டாய் மடித்து
கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.