முப்பதை அழித்தல்

பணி ஆணை புதன்கிழமை வந்தது.
பழைய தாள்தான். 'எண் எழுத' என்ற இடத்தில்
பேனாவால் ஒரு கோடு,
மேலே பொடி எழுத்தில்: அழிக்க.

ஜெலுத்தோங்கில், மீன் சந்தைக்குப் பின்னால்
பள்ளி வாசலில் வளைகிற சந்தில்
மார்ச் மாதம் நான்தான் எழுதினேன்,
முப்பது.
ஒவ்வோர் இலக்கமும் என்னைவிட நீளம்.
கொதிக்கக் கொதிக்க ஊற்றிய வெள்ளை,
மேலே கண்ணாடித் தூள்.
ஆறுவதற்குள் யாரோ மீன்காரர் குறுக்கே நடந்து
பூஜ்யத்தின் அடிவயிற்றில்
ஒரு சிலிப்பர் தடம்.

அதற்காக மாநகர் மன்றத்தில்
ஏழு மணி நேரம் பேசினார்களாம்.
ரொட்டிக் கடை ஷாபுடின் எழுந்து நின்று
மகளின் முழங்காலில் வைத்த கம்பியைப் பற்றிச் சொன்னாராம்.
இன்னொன்றும் அன்றே முடிவானது:
உரிமம் இல்லாமல் மோட்டார் ஓட்டிச் சிக்குகிறவனை
முதல் தடவை லாக்கப்பில் போட வேண்டாம்,
பன்னிரண்டு திங்கட்கிழமை
இந்த வாசலில் 'நில்' பலகை பிடிக்கட்டும்.

கோலாலம்பூரில் இரண்டுக்கும் சேர்த்து
பதினோரு நிமிடம்.
நாடு முழுக்க ஒரே வேகம், ஒரே தண்டனை,
நகரத்துக்கு நகரம் தனிச் சட்டம் செல்லாது.
கோப்பிக் கடை டிவியில் சத்தத்தைக் குறைத்திருந்தார்கள்.
கைகள் உயர்ந்தன.
நல்ல கோட்டுக் கைகள்.
கடைக்காரர் சேனலை மாற்றினார், பூப்பந்து.

தர்வினேஷுக்குப் பத்தொன்பது வயது.
ஏழு திங்கள் பிடித்துவிட்டான்.
மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து வந்த கடிதத்தில்
அந்த ஏழைப் பற்றி ஒரு வரி இல்லை.

அழிப்பதற்கு
எழுதியதைப்போல மூன்று மடங்கு நேரம்.
விடியுமுன் ஆரம்பித்தேன்.
அரைக்கிற இயந்திரம் கத்த, மாடி ஜன்னலிலிருந்து
ஒரு கிழவர் ஹொக்கியேனில் திட்டினார்.
நியாயம்தான்.
வெள்ளை போன இடத்தில் கறுப்புப் பூசினேன்.
தார் ஒரு கறுப்பு, என் டின்னில் இருப்பது வேறு கறுப்பு.
இப்போது அங்கே
கறுப்பில் ஒரு முப்பது.
மேற்பார்வையாளர் ஸுல்ஹில்மி போட்டோ எடுத்து
கொஞ்சம் யோசித்து
இன்னொரு கோணத்தில் எடுத்தார்.

ஆறே முக்காலுக்கு அவன் வந்தான்.
மன்றம் கொடுத்த பச்சை மேலங்கியைத்
துவைத்து மடித்துப் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தான்.
'அண்ணே, இத யாருகிட்ட கொடுக்கணும்?
அந்த ஆபீஸ் பூட்டிக் கெடக்கு.'
'நான் கோடு போடுற ஆளுப்பா' என்றேன்.
லோரிக் கதவின் பிடியில் மாட்டினான்.
எட்டாவது திங்கட்கிழமை அது,
போகாமல் நின்றான்.

வளைவில் பள்ளி வேன்.
நடக்கத் தொடங்கிய இரண்டு பிள்ளைகள், ஒரு தண்ணிப் போத்தல்
உருண்டு நடு ரோட்டுக்கு.
பலகை இல்லாத அவன் கை
உயர்ந்தது, பாதிவரை.

ஆணைத்தாளில் 'முடிந்த நேரம்' என்ற கட்டத்தில்
ஆறு ஐம்பத்திரண்டு என்று எழுதினேன்.