படிவத்தில் இல்லாத எருமை

தயெட்மியோ தண்டில் மழை பிடித்துக்கொண்ட மதியம்.
ஓய்வூதியப் படிவம் என் மேசையில்.
எதிரே சுபேதார் தைரியநாதன்,
உட்காரச் சொல்லியும் உட்காராமல்.

பிறந்த தேதி?
"காலரா வாரத்தில். அம்மா சொன்னது அவ்வளவுதான்."
எந்தக் காலரா என்று நான் கேட்கவில்லை.
பரங்கிமலைத் திடலுக்குப் பின்னால் குடிசை,
அப்பா படையில் முரசு அடித்தவர்.
வைத்தியர் வாயைத் திறக்கச் சொல்லிப்
பல்லைப் பார்த்துப் பன்னிரண்டு என்று எழுதினாராம்,
மாட்டுச் சந்தையில் எழுதுவதுபோல.
அன்று முதல் அரைச்சம்பளப் பையன்.
அப்பாவின் சிவப்புக் கோட்டை வெட்டித் தைத்ததில்
ஒரு கை நீளமாகவே நின்றுவிட்டது.
முதல் சல்யூட்டில் விரலே வெளியே வரவில்லை.

சண்டைகள்?
"ஒன்று. கப்பலில் பதினொரு நாள் வாந்தி,
பிறகு ரங்கூன்."
ரங்கூனில் என்ன?
"ஈரம்," என்றார்.
கூட வந்த ஏழு பரங்கிமலைப் பையன்களில்
எத்தனை பேர் திரும்பினார்கள் என்ற கட்டம்
படிவத்தில் இல்லை. அவரும் சொல்லவில்லை.

பழைய பேரேட்டைப் புரட்டி உரக்கப் படித்தேன்:
'இரவுக் காவலில் பகைவர் நடமாட்டம் கண்டு
அஞ்சாது சுட்டான். நாயக் ஆக்கப்படுகிறான்.'

"அது எருமை."

மை சொட்டிவிட்டது. துடைத்தேன்.

மூங்கில் புதருக்குள் மூச்சு கேட்டதாம்,
பெரிய மூச்சு, பத்துப் பேர் சேர்ந்து விட்டதுபோல.
மூன்று முறை அதட்டினார். பதில் இல்லை.
சுட்டார்.
தண்டு முழுக்க எழுந்து துப்பாக்கி தூக்கி
விடியும்வரை இருட்டைச் சுட்டது.
காலையில் புதருக்குள் எருமை,
அதன் தலைமாட்டில் குந்தியிருந்த மா ந்யுன்.
அழவில்லையாம். ஈ ஓட்டிக்கொண்டிருந்தாளாம்.
அதற்குள் கர்னல் காகிதத்தில்
பகைவன் என்று எழுதியாகிவிட்டது.
எழுதியதை அடிக்க யாருக்குத் துணிவு?

"ஏழு ரூபாய் பன்னிரண்டு ஆயிற்று.
கூடிய ஐந்தில் மூன்றை அவளிடம் கொடுத்தேன்.
பத்து மாதம். முப்பது ரூபாய்.
அவள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவளுக்கு.
காசை எண்ணுவாள், தலையை ஆட்டுவாள், போய்விடுவாள்."

அப்புறம் ஹவில்தார், ஜமேதார், சுபேதார்.
எல்லாப் படியும் அந்த முதற்படி மேல்தான்.
மீசை அரும்பாத வெள்ளைக்காரப் பிள்ளை
நேற்றுக் கப்பலில் இறங்கி வந்தாலும்
முப்பத்தைந்து வருடச் சேவை
குதிகால் தட்டி நின்றது.

"இதையும் எழுது," என்றார்.
கட்டம் இல்லையே, ஐயா.
"பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது?"
இது சென்னைக்குப் போகிற காகிதம்,
எருமை என்று கண்டால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்றேன்.
கூரைத் தகரத்தில் மழை
அவர் சொன்ன மறுமொழியைத் தின்றுவிட்டது.

கடைசிக் கட்டம்: கடன் பாக்கி ஏதும் உண்டா?

அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.
"பத்தாம் மாதம், கணக்குத் தீர்ந்த அன்று,
இலையில் பொதிந்து எதையோ கையில் திணித்தாள்.
நாப்பி. நாற்றம் தாங்கவில்லை.
அவள் தலை மறைந்ததும் ஐராவதியில் எறிந்தேன்.
திரும்பிப் பார்த்தால்
மறையவில்லை அவள்."

நெடுநேரம் பேனாவை மையில் வைத்திருந்தேன்.
பிறகு 'இல்லை' என்று எழுதினேன்.