எட்டரைக்குப் பதினொன்று

சுவரில் அந்த ஓட்டையை வரைந்தவள் நான்தான்.
அகலம் எட்டரை அங்குலம், உயரம் பதினொன்று.
வரைபடத்தில் அதற்குப் பெயர்
வனவிலங்குத் திறப்பு.
அச்செடுத்தபோதுதான் கவனித்தேன்,
இயந்திரம் துப்பிய தாளும் அதே அளவு.
ஒன்பது வருடமாக ஏதோ ஓர் அடுக்கில்
அதே அளவுத் தாளில்தான்
படுத்துக் கிடக்கிறது
என் கிரீன் கார்டு மனு.

ஊருக்குப் பெயர் மிஷன். டெக்சஸின் அடிமடி.
இக்கரையில் நதி ரியோ கிராண்டே,
அக்கரையில் ரியோ பிராவோ.
எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும்
தண்ணீர் திரும்பிப் பார்ப்பதில்லை.
வெள்ளத்தில் வளைவை மாற்றிக்கொள்ளும்.
அப்புறம் நாங்கள் போய் அளப்போம்.

எவரிஸ்ட்டோ ட்ரெவின்யோவின் கிரேப்ஃப்ரூட் தோப்பு
சுவருக்குத் தெற்கே, நதிக்கு வடக்கே.
எந்த நாட்டில் இருக்கிறது என்றால்
"டெக்சஸ்தான், கதவு திறந்தால்" என்பார்.
கதவைத் திறக்க நான்கு இலக்க எண் ஒன்றை
அரசாங்கம் கொடுத்திருக்கிறது.
மின்சாரம் போன நாட்களில்
அவருடைய மரங்கள்
வெளிநாட்டில் பழுக்கின்றன.

மரங்களில் கேமரா கட்டுகிறவள் டெல்ஃபினா.
புள்ளி போட்ட ஓசிலாட் பூனைகளைத் தேடுகிறாள்,
மாநிலம் முழுக்க எண்ணினாலும்
நூறு தேறாது என்கிறாள்.
அவள் கட்டிய மரத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு.
முள், பொடி இலை, தொங்கும் காய்:
ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலத்தின்
கூடப் பிறந்தது.
அங்கே கோர்ட் சொல்லி, பொக்லைன் வைத்து
வேரோடு பிடுங்குகிறோம்,
தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிற வந்தேறி என்று.
இங்கே அதற்குப் பிறந்த வீடு. பெயர் மெஸ்கீட்.
காயை அரைத்து ரொட்டி சுடுகிறார்கள்.
விறகுப் புகையில் இறைச்சி மணக்கிறது.
சுவருக்கு வழிவிட நாற்பது மரம் சாய்த்த அன்று
டெல்ஃபினா மத்தியானம் சாப்பிடவில்லை.
"எங்கள் ஊரில் இதற்கு விசா முடிந்துவிட்டது" என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.
சொன்ன எனக்கும் சிரிப்பு பாதியில் நின்றது.

மார்ச் மாதப் படங்களை அலுவலகத்தில் போட்டுக் காட்டினாள்.
திறப்பின் வழியே
ஓர் ஆமை, பதினேழு நிமிடம் எடுத்துக்கொண்டு.
ஒரு அர்மடில்லோ.
ஒரு பிளாஸ்டிக் பை, யாரையும் கேட்காமல்.
பூனை இல்லை.
அதிகாலை மூன்று பன்னிரண்டு:
ஹவலீனாப் பன்றிக்குட்டி ஒன்று
நுழைந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது.
பின்னாலேயே தாயின் மூக்கு, ஒரு கண்.
பிறகு தோள் முட்டுகிறது. மறுபடி முட்டுகிறது.
மூன்று பத்தொன்பது: குட்டி திரும்பிப் போகிறது.
மூன்று இருபது: வெறும் சட்டம்.

மேலாளர் காபியை ஊதிக்கொண்டிருந்தார்.
பன்னிரண்டுக்குப் பதினெட்டாக்கினால் என்ன என்றேன்.
"ஆள் நுழைந்துவிடும்."
சொல்லிவிட்டுக் கைகளை விரித்து அளவு காட்டினார்.
அது அவர் தோளின் அளவல்ல.
ஒரு சிறுவனுடையது.

சனிக்கிழமை கதவின் எண்பலகை செத்துப்போயிருந்தது.
அந்தப் பக்கம் எவரிஸ்ட்டோ, அறுத்த பழத்தோடு.
"குனி" என்றார்.
நான் வரைந்த ஓட்டையில்
என் கை முழங்கைவரை போனது.
ஒவ்வொன்றாகப் பழம் வந்தது.
கடைசியாக ஒரு பொட்டலம்,
புளியில் மிளகாய் புரட்டிய மிட்டாய்.
மிளகாய் இந்த மண்ணிலிருந்து
எங்கள் முண்டு வத்தலாகக் கடல் தாண்டியது.
புளி எதிர்த்திசையில் வந்தது.
எந்தச் சுவரில் எந்த ஓட்டை வழியாக என்று
யாரும் வரைந்து வைக்கவில்லை.
நாக்கு சுருக்கென்றது.

திங்களன்று டெல்ஃபினாவின் பதிவேட்டைப் பார்த்தேன்.
பகல் பதினொன்று நாற்பது.
ஒரு முன்னங்கால், வடக்கிலிருந்து தெற்காக.
திரும்பிவிட்டது.
இனம்: தெரியவில்லை.